மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து சிகரெட்டைத் தொடாதவர். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார், வயது 46. சபரிமலை போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் காலை, வழக்கமான டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் பக்கத்துப் பெட்டிக்கடையில் புகைந்துகொண்டிருந்த கயிறு கண்ணில் பட்டது என்றார். அன்று ஒன்று, மறுநாள் மூன்று, பத்து நாளில் பழையபடி ஒரு பாக்கெட். என்னிடம் வந்தது இருமலுக்காக.

"விரதம் முழுக்க நினைப்பே வரலை சார். அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

நுரையீரல் மருத்துவர் என்பதால் தை, மாசி மாதங்களில் இதே கேள்வி வருடா வருடம் என்னிடம் வருகிறது. கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். மன உறுதி இல்லாதவர் ஒரு மண்டலம் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்பதை அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுவேன்.

புகையை இழுத்த பத்து, இருபது நொடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதற்குள் மூளை அடுத்ததைக் கேட்கத் தொடங்கிவிடும். விட்டவர்களுக்கு எரிச்சல், தூக்கமின்மை, அகோரப் பசி, மலச்சிக்கல் எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆக, மாலையைக் கழற்றிய அன்று இவருடைய உடம்பு நிகோடினுக்காக ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. டீ கிளாஸ்தான் கேட்டது.

விரத நாட்களில் என்னவெல்லாம் நடந்தது என்று அவரையே சொல்லச் சொன்னேன். தேதி முன்பே தெரியும். கழுத்தில் மாலை இருப்பதால் யாரும் சிகரெட்டை நீட்டவில்லை, எல்லோரும் "சாமி" என்று ஒதுங்கிப் போனார்கள். மது கிடையாது. விடியற்காலையில் எழுந்து குளித்துப் பூஜை, அதனால் காலை டீயின் நேரமே மாறிப்போனது. கூடவே நான்கு பேர் இதே விரதத்தில். புகையை நிறுத்த வருபவர்களிடம் நாங்கள் என்னென்ன செய்யச் சொல்கிறோமோ, அத்தனையும் இதில் இருக்கிறது. மாலையோடு சேர்த்து இவை எல்லாவற்றையும் அவர் ஒரே நாளில் கழற்றிவிட்டார். அதுவும் போக, மாலை கழற்றும் நாளை மனம் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

எனவே இந்த முறை டீயிலிருந்து தொடங்கினோம். மூன்று மாதத்துக்கு அந்தக் கடை வேண்டாம், காலை டீ வீட்டில். வெளியே குடிக்கவேண்டி வந்தால் வண்டிக்குள் உட்கார்ந்து குடிப்பது. இன்னொன்றும் சொன்னேன்: டீ, காபியைப் பாதியாகக் குறையுங்கள். சிகரெட் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காஃபினைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே இரண்டு காபிக்கு உடம்பில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். "சிகரெட்டை விட்டது எனக்கு ஒத்துக்கலை" என்று வருபவர்கள் சிலரிடம் காபி எத்தனை என்று கேட்டால் விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நிகோடின் சூயிங்கம் பற்றி. "அதெல்லாம் பார்த்துட்டேன் சார், தொண்டை எரிஞ்சது, விக்கல் வந்தது, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், பபிள்கம் மாதிரி. நான் மேஜையில் எப்போதும் ஒரு சூயிங்கம் அட்டை வைத்திருக்கிறேன், ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மெதுவாக மெல்லவேண்டும். மிளகு கடித்தது போல ஒரு காரம் ஏறியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் போனதும் இன்னும் நாலு கடி, மறுபடி ஒதுக்கு. அரை மணி நேரம் இப்படி. நிகோடின் கன்னத்துத் தோல் வழியாகத்தான் ஏறும், எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் எரிச்சல்தான் மிச்சம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. அவர் அங்கேயே செய்து பார்த்தார். "ஆமா சார், இப்ப சுருக்குன்னு ஏறுது" என்றார்.

தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் போதும். "இதுவும் நிகோடின்தானே?" என்று பலர் பயப்படுகிறார்கள். புற்றுநோயைத் தருவது புகையிலுள்ள நச்சுகள். சூயிங்கத்தில் புகை இல்லை, மெதுவாக ஏறுவதால் அடிமைப்படுத்தும் வேகமும் குறைவு. உடலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் இதுவும் சேர்ந்தால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். புகையை நிறுத்த உதவும் வரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளும் உண்டு. இவற்றை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது.

பீடி லேசு என்று அதற்கு மாறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பீடி இலை சரியாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். நுரையீரலுக்கு அது இன்னும் மோசம்.

சரி, தவறிப்போய் ஒன்று பிடித்துவிட்டால்? அன்றே எனக்குப் போன் செய்யுங்கள் என்பேன். ஒரு சிகரெட்டால் பழைய நிலைக்கு யாரும் போய்விடுவதில்லை. "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம்தான் பாக்கெட் வாங்க வைக்கிறது. மீதியைக் கசக்கிப் போட்டுவிட்டு, அது எந்த இடம், யார் கொடுத்தது, குடித்திருந்தீர்களா என்று குறித்துவையுங்கள். என் அனுபவத்தில் வழுக்கும் இடம் பெரும்பாலும் மது இருக்கும் இடம். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து சட்டையை மோந்து பார்க்காதீர்கள். ஒளித்துப் பிடிப்பவரால் உதவி கேட்க முடியாது.

மருத்துவரிடம் வரத் தயங்குபவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

"இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது சார்?" என்றும் அவர் கேட்டார். பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வில், புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 40 வயதில் நிறுத்தியவர்கள் அதில் ஒன்பது வருடத்தையும், 50 வயதில் நிறுத்தியவர்கள் ஆறு வருடத்தையும் மீட்டிருக்கிறார்கள். அவர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

தேதியை அவரே சொன்னார், அடுத்த வியாழக்கிழமை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டோம். மூன்றாம் நாள் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் அவருக்கு லோடு அதிகம், சந்தை நாள். சாயந்திரம் ஆறு மணிக்கு நானே போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.