பெஞ்சில் ஏழு பேர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள்?

இந்த சீசனில் இது மூன்றாவது முழங்கால்.

கல்லூரி கூடைப்பந்து அணிகளோடு பிசியோவாகப் போய்வருகிறேன். கடைசியாக அடிபட்டவன் இரண்டாம் ஆண்டு மாணவன், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு. காலையில் ஒரு மேட்ச் முழுக்க ஆடியிருந்தான். மாலை மேட்ச்சிலும் முதல் விசிலிலிருந்து ஒரு நிமிடம்கூட வெளியே வரவில்லை. நாலாவது குவார்ட்டரில் மூன்று நிமிடம் பாக்கி, அவன் அணி 14 புள்ளி முன்னால். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரிபவுண்டுக்கு எகிறி இறங்கியபோது முழங்கால் உள்பக்கம் மடங்கிவிட்டது. யாரும் இடிக்கவில்லை. ஸ்கேனில் ஏ.சி.எல்., அதாவது முழங்கால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார், கிழிந்திருந்தது. இனி குறைந்தது ஒன்பது மாதம் மேட்ச்சை மறந்துவிட வேண்டியதுதான்.

“விதி, என்ன பண்றது மேடம்” என்றார் கோச். 14 புள்ளி லீட், பெஞ்சில் ஏழு பேர், அப்புறம் விதி!

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: “அவன் கேட்கவே இல்லையே. முடியலைன்னா கையைக் காட்டியிருப்பானே.” கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கேட்கமாட்டான் சார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன், ஃபீஸ் சலுகையும் ஹாஸ்டலும் அதை நம்பித்தான். வெளியே வந்தால் அடுத்த மேட்ச்சில் முதல் ஐந்தில் இடம் இருக்குமா என்ற பயம். போன முறை ஒருவன் கேட்டபோது, “இதுக்கே மூச்சு வாங்குதா?” என்று எல்லார் முன்னாலும் நீங்கள் கத்தியதை அவனும் பார்த்தான். தவிர, ஆட்டத்தின் சூட்டில் தன் கால் தளர்வது அவனுக்கே தெரியாது. வெளியே நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை கோச்சாக இருந்த டீன் ஸ்மித் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். களைத்தவன் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் சப் (மாற்று ஆட்டக்காரர்) உள்ளே போவார். அப்படித் தானாகக் கேட்டு வந்தவன், மூச்சு நிதானப்பட்டதும் தானாகவே திரும்பிப் போகலாம். இடம் பறிபோகாது என்று தெரிந்தால்தானே பையன் கை தூக்குவான்? மைக்கேல் ஜோர்டன் ஆடியதும் இவரிடம்தான். 879 மேட்ச் ஜெயித்தவர், சும்மா இல்லை.

சரி, எப்போது மாற்றுவது? ஜம்ப் ஷாட் வளையத்தின் முன்விளிம்பில் அடித்துத் திரும்ப ஆரம்பித்தால். விசில் ஊதியதும் ஷார்ட்ஸைப் பிடித்துக் குனிந்தால். காலை நகர்த்தாமல் கையை நீட்டி ஃபவுல் வாங்கினால். எகிறிவிட்டு முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் அந்த நிமிடமே வெளியே. டைம் அவுட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்கள் அணி கோச்சுகள் இதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும், இந்த ஏ.சி.எல். காயம் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

“ரிதம் போயிடும்” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்றாவது குவார்ட்டர் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அவனை உட்கார வையுங்கள். நடுவில் இடைவேளை 2 நிமிடம். நாலாவது குவார்ட்டரில் ஒரு நிமிடம் போனதும் உள்ளே அனுப்புங்கள். ஆட்டத்தில் நீங்கள் இழந்தது 2 நிமிடம், அவனுக்குக் கிடைத்த ஓய்வு 4 நிமிடம்.

மூன்றாவது ஃபவுல் விழுந்ததும், ஃபவுல் கூடி அவன் ஆட்டத்தை விட்டே போய்விடுவானோ என்று ஓடிவந்து சப் கேட்கத் தெரிகிறதே! ஃபவுலை ஸ்கோரர் மேஜையில் எண்ணுகிறார்கள். ஓடின நிமிடத்தை யாரும் எண்ணுவதில்லை. பெஞ்சில் ஒருவரிடம் பேப்பரும் பேனாவும் கொடுங்கள், போதும்.

பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரை மணி நேரம் சில்லிட்டு உட்கார்ந்துவிட்டு, கூப்பிட்டதும் ஜாக்கெட்டைக் கழற்றி முழு வேகத்தில் ஓடினால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். அப்படி ஓடிய 2 நிமிடத்தில் நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு இடைவேளையிலும் எழுந்து குதியுங்கள், பக்கவாட்டில் ஓடுங்கள், நாலு ஷாட் போடுங்கள். ஜெர்சியை ஜாக்கெட்டுக்கு உள்ளேயே போட்டிருங்கள் கண்ணுகளா, அதைப் பையில் தேடிக்கொண்டிருந்தால் மேஜைக்குப் போய்ச் சொல்வதற்குள் பந்து உள்ளே வந்து ஆட்டம் தொடர்ந்துவிடும்.