ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கும் குரல்

குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். போன ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வந்தது. "மேடம், போன மாச கரண்ட் பில் எங்க சிஸ்டத்துல அப்டேட் ஆகல. இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு லைன் கட் ஆயிடும்." சித்தி பில் கட்டியிருந்தார், ரசீதும் கையில் இருந்தது. "அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், ஒரு சின்ன ஆப் போட்டா நானே சரிபண்ணித் தர்றேன்" என்றான் அவன், மிகுந்த பணிவோடு.

ஆப்பைப் போட்டாயிற்று. திரையில் ஓர் எண் தெரிந்தது, ஒன்பது இலக்கம். "அந்த ரெஃபரன்ஸ் நம்பரைச் சொல்லுங்க." சொன்னார். ஏதோ ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டது. அமுக்கினார். அடுத்து பத்து ரூபாய் கட்டச் சொன்னான். வங்கி செயலியைத் திறக்கப் போகும்போது கறண்டு போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது, மழைக்கு எங்கோ மரக்கிளை விழுந்திருக்கும். ரவுட்டர் அணைந்தது. சித்தி சிம் நெட்டை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். திரைப்பகிர்வு அறுந்தது. சித்தி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்: "மக்ளே, சொன்ன மாதிரியே கறண்ட கட் பண்ணிட்டானுவ!"

பணம் போகவில்லை. அன்றைக்கு மின்வாரியத்துக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன். அது தினமும் நடக்கிற காரியம் இல்லை.

அந்த ஒன்பது இலக்கம் என்ன, அதைச் சொன்னதும் உள்ளே என்ன நடந்தது? வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போனுக்கு, வெளியிலிருந்து ஒருவன் நேராக வந்து தட்டுகிற மாதிரி கதவு எண் கிடையாது. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ரவுட்டரின் ஒரே முகவரியில்தான் வெளியே போய் வருகின்றன. சிம் நெட்டில் இன்னும் மோசம், முகம் தெரியாத பலபேர் ஒரே முகவரியைப் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். உள்ளேயிருந்து வெளியே போகலாம், போனதற்குப் பதில் திரும்பி வரும். கேட்காமல் எதுவும் உள்ளே வராது.

இதைத் தாண்டத்தான் தொலைவிலிருந்து கணினியைச் சரிசெய்யும் செயலிகள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. செயலியைத் திறந்ததும் அது தானாகவே தன் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், நான் இங்கே இருக்கிறேன் என்று பதிந்துகொள்கிறது. பதிந்ததற்கு அடையாளமாகக் கிடைப்பதுதான் அந்த எண். மறுபக்கம் இருப்பவனும் அதே சர்வருக்குப் போய் அந்த எண்ணைத் தட்டுகிறான். முகவரி தெரியாத இரண்டு பேர் வடசேரி பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொள்வது போல, இரு பக்கத்தையும் சர்வர் சேர்த்துவைக்கிறது. முடிந்தால் இரண்டையும் நேரடியாகப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முடியாவிட்டால் தானே நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும்.

பிறகு திரை. போன் தன் திரையை வீடியோ மாதிரி சுருக்கி அனுப்புகிறது. முழுப் படம் முதலில் ஒருமுறை போகும், அப்புறம் மாறிய இடம் மட்டும் போகும். ஒரு குறுஞ்செய்தி மேலே எட்டிப்பார்த்தால் அந்தப் பட்டை மட்டும் போனால் போதும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இரண்டு கட்டை சிக்னலில் கூட இது ஓடுவது அதனால்தான். எதிர்த் திசையில் போவது இன்னும் சிறியது: இந்த இடத்தில் விரல் பட்டது, இங்கிருந்து இங்கே இழுத்தது என்ற சில எண்கள்.

இத்தனையும் பூட்டிய குழாய்க்குள் நடக்கிறது. போகிற தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், நடுவில் யாரும் ஒட்டுப்பார்க்க முடியாது. செயலியின் பக்கத்தில் பூட்டுப் படம் போட்டுப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. குழாய் பத்திரமானதுதான். ஆனால் குழாயின் அந்த முனையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பூட்டுக்குத் தெரியாது. சித்திக்கும் திருடனுக்கும் நடுவில் மூன்றாவது மனிதன் யாரும் புகுந்துவிடாமல் அது கவனமாகக் காவல் காக்கும்.

செயலியைத் திட்டிப் பயனில்லை. டீம்வியூவர் 2005இலும் எனிடெஸ்க் 2014இலும் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனங்கள். உலகம் முழுக்க அலுவலகங்களில் கணினி பழுதுபார்க்க இவற்றையும் இவை மாதிரி வேறு பலவற்றையும் நம்பித்தான் இருக்கிறார்கள். நானே என் அம்மாவின் லேப்டாப்பை இப்படித்தான் கவனித்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. மகன் ஷார்ஜாவில், அப்பா கருங்கலில். போனில் ஏதாவது கோளாறு என்றால் மகன் அங்கிருந்து சொல்வான்: "அந்த ஆப்பைத் திறங்கப்பா, நம்பரைச் சொல்லுங்க, கேக்குறதுக்கெல்லாம் சரி கொடுங்க." அப்பா சரி கொடுப்பார். போன் தானாக நகரும், கோளாறு தீரும்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். மோசடிக்காரன் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தூரத்துக் குரல் சொல்ல, எண்ணை வாசித்து, கேட்டதற்கெல்லாம் சரி அமுக்குகிற பழக்கத்தைப் பிள்ளைகள் நாமே பல வருடம் பழக்கியிருக்கிறோம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்றது கன்னியாகுமரி மாவட்டம். அந்த எழுத்தறிவு இங்கே அவனுக்கும் உதவுகிறது. எண்ணைப் பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர்தானே அவனுக்கு வேண்டும்.

ரிசர்வ் வங்கி இதை 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளுக்கு எச்சரித்தது. செயலியை இறக்கச் சொல்வது, ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பது, அனுமதிகளைக் கொடுக்க வைப்பது என்று சித்திக்கு நடந்தது அப்படியே அதில் இருந்தது.

திரை மட்டும் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். நிறைய ஆகும். அட்டை எண்ணை நீங்கள் அடிக்கும்போதே அவன் பார்க்கிறான். அவன் வேறொரு கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து வைத்திருப்பான், ஓடிபி உங்கள் போனுக்கு வரும், மேலே பட்டையாகத் தெரியும். நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை என்று பிற்பாடு அழுகிறவர்கள் பொய் சொல்வதில்லை.

வங்கி செயலிகள் இதற்கு ஒரு தடை வைத்திருக்கின்றன. தன் பக்கத்தைப் படம் பிடிக்கக் கூடாது என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லிவைத்தால், பகிரப்படும் திரையில் அந்த இடம் கறுப்பாகத்தான் போகும். ஆனால் அது படத்தை மட்டுமே மறைக்கும். அணுகல்தன்மை என்று அமைப்புகளில் ஒரு பகுதி உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டவும், விரல் அசைக்க முடியாதவர்களுக்காகப் பொத்தானை அமுக்கவும் செய்யப்பட்ட வழி அது. அந்த அனுமதி பெற்ற செயலி திரையின் எழுத்துகளை எழுத்தாகவே வாசிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் செய்யும். தொலைவிலிருந்து போனை இயக்கப் பல செயலிகள் கேட்பது இதைத்தான். கண்ணில்லாதவருக்குக் கண்ணாக வைத்த வழியில் திருடனும் வருகிறான், அதற்காக அந்த வழியை அடைத்துவிடவும் முடியாது. ஐபோனில் இப்படி வெளியார் செயலி தொட்டு இயக்க முடியாது, பார்க்க மட்டும் முடியும். பார்ப்பதே போதும் என்பதை மேலே சொன்னேன்.

கணினியில் நாடகம் கொஞ்சம் வேறு மாதிரி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, சிவப்புக் குறிகளைக் காட்டி, "பாருங்க சார், எவ்வளவு வைரஸ்" என்பார்கள். நன்றாக ஓடுகிற எந்தக் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும், அச்சு இயந்திரம் ஒருமுறை பதில் சொல்லாவிட்டால்கூடப் பதிவாகும். பிறகு திரையைக் கறுப்பாக்கிவிட்டு உள்ளே வேலை பார்ப்பார்கள். கறுப்பாக்குவதும் முறையான வசதிதான், அலுவலக ஊழியர் சம்பளக் கணக்கைத் தூரத்திலிருந்து திறக்கும்போது பக்கத்து மேசைக்காரர் பார்க்காமல் இருக்க வைத்தது.

ஆண்ட்ராய்டும் சும்மா இல்லை. 2022இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, வாட்சப்பில் வந்த ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) போன்றவற்றிலிருந்து நிறுவிய செயலிக்கு அணுகல்தன்மை அனுமதியை எளிதில் கொடுக்க விடாது. 2024இன் 15ஆம் பதிப்பு, திரை பகிரும்போது ஓடிபி உள்ள அறிவிப்பை மறைக்கிறது. திரைப்பகிர்வு ஓடுவதைக் கண்டால் திறக்கவே மறுக்கும் வங்கி செயலிகளும் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் சித்தியின் போன் மகள் மாற்றிக் கொடுத்த பழைய போன். நம் வீடுகளில் புதுப் போன் பிள்ளைகளுக்கும் பழைய போன் பெரியவர்களுக்கும் போவதால், பாதுகாப்பு அதிகம் வேண்டியவர் கையில் அது குறைந்த கருவி வந்து சேருகிறது.

இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வந்தால் செயலியை நீக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் தேடுவதை அவனும் பார்க்கிறான், பேச்சை வளர்த்துத் தடுப்பான். கறண்டு சித்திக்குச் செய்ததைச் செய்யுங்கள், நெட்டை அறுங்கள். விமானப் பயன்முறை போட்டால் அழைப்பும் சேர்ந்து அறுபடும். சில போன்களில் விமானப் பயன்முறையிலும் வைஃபை விடாமல் நிற்கும், அதனால் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்குவதோ போனையே அணைப்பதோ இன்னும் நிச்சயம். அப்புறம் வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லி, கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். நெட்டை மறுபடி இணைக்கும் முன் அந்தச் செயலியை எடுத்துவிட வேண்டும். ஆள் இல்லாதபோதும் நுழைய ஒரு கடவுச்சொல் வைக்கும் வசதி இவற்றில் உண்டு, அவன் அதை வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

பணம் போயிருந்தால் 1930. 2021இல் 155260 என்ற எண்ணோடு அறிமுகமான இணைய மோசடி உதவி எண்தான் இப்படி மாறியது. அங்கே புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது, அந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருந்தால் நிறுத்திவைக்கிறார்கள். மோசடிக் கும்பல் பணத்தை ஒரு கணக்கில் தூங்கவிடாது. வாடகைக்குப் பிடித்த கணக்குகள் வழியே கைமாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் துரத்த வேண்டிய கணக்குகள் பெருகும். நாளைக்குக் காலையில் மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

இதில் சட்டக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். வெட்கப்பட்டு ஒளித்துவைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நம் செலவு. பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைப்பது பணம் போனதற்காக அல்ல, ஏச்சு கேட்க வேண்டுமே என்றுதான். ஏசுகிற வேலையை ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 எனத் தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணத் தனிநபர் எண்ணிலிருந்து வங்கி மேலாளர் பேசினால் அதுவே ஒரு தகவல்தான். ஆனால் மகனும் சாதாரண எண்ணிலிருந்துதானே பேசுகிறான், குரலையும் இப்போது கணினி போலிசெய்கிறது.

கருங்கல் அப்பாவும் ஷார்ஜா மகனும் என் பேச்சைக் கேட்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். போனுக்குள் வர வேண்டுமானால் மகன் முதலில் தோட்டத்துப் பலாமரங்களைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நம்ம விளையில் சக்கைமரம் எத்தனை? போன மாதம் புகைப்படங்களை வேறு இடத்துக்கு மாற்றித் தர மகன் கூப்பிட்டிருக்கிறான். நாலு என்றான். ஆனிக் காற்றில் கிணற்றங்கரை மரம் சாய்ந்ததை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா மறுபேச்சில்லாமல் போனை வைத்துவிட்டார். மகன் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்கள் போய் எண்ணிப் பார்த்து, மூன்று என்று உறுதியான பிறகுதான் அந்த ஒன்பது இலக்கம் அவனுக்குக் கிடைத்தது.