திருக்கை: ‘கொட்டும் கதிர்’ அல்ல

சேலம் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு மீனை எடுத்துப் போட்டால், ‘ஸ்டிங்ரே!’ என்று போனைத் தூக்கும் பிள்ளைகள் உண்டு. வெட்டுகிறவர் திருக்கை என்பார். அவர் சொல்வதே சரியான தமிழ்ச் சொல், புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. மலையாளத்தில் இதற்குத் திரண்டி என்று பெயர். கோயில் வழக்கில் சாமியின் கையும் திருக்கைதான். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஸ்டிங் என்றால் கொட்டுதல், ரே என்றால் கதிர் என்று பிரித்து, ‘கொட்டும் கதிர்’ என எழுதினால் தப்பு. ஒளிக்கதிரைக் குறிக்கும் ‘ரே’ லத்தீன் ‘ராடியஸ்’ வழி வந்தது. மீனைக் குறிக்கும் ‘ரே’, ‘ராயா’ என்ற லத்தீன் மீன் பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கொட்டும்’ என்பதும் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. மணலில் புதைந்து கிடக்கும்போது மேலே கால் பட்டால்தான் பொதுவாக அது வாலை வீசி முள்ளை ஏற்றும். முள் வால் நுனியில் இல்லை, நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. இரு ஓரமும் ரம்பப் பல், கூடவே நஞ்சு. உடைந்தால் மறுபடி முளைக்கும்.

வெப்பக் கடல்களின் பெரிய திருக்கைகளில் ஒன்றுக்கு அறிவியல் பெயர் ‘ஹிமாண்டுரா உவார்நாக்’. நம் கடற்கரையில் புள்ளித் திருக்கை. உடல் மட்டுமே ஒன்றரை மீட்டர் அகலத்தைத் தாண்டும், வால் அந்த அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். கிரேக்கத்தில் ‘ஹிமாண்டுரா’ என்றால் தோல்வார் வால். திருக்கை வாலைக் காயவைத்துச் சவுக்காக்கிய நம்மவர்களுக்கு இது விளங்கும். ஆகவே இந்த வகையைச் ‘சாட்டைவால் திருக்கை’ என்று எழுதலாம். ‘உவார்நாக்’ அரபுப் பெயர். செங்கடல் மீன்களை ஆராய்ந்த ஃபோர்ஸ்கால் அந்த ஊர்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 1775இல் அது அச்சேறியது.

சேலத்துக்கு வரும்போது வால் பெரும்பாலும் இருக்காது. ஆனால் உடலைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை காது அல்ல, மூச்சுத் துளை. மணலில் கிடக்கும்போது அது வழியாகத்தான் செவுளுக்குத் தண்ணீர் இழுக்கும். கண் மேலே, வாய் அடியில். தின்பது அதன் கண்ணுக்கே தெரியாது. வாயைச் சுற்றியுள்ள நுண்துளைகள், நண்டும் இறாலும் வெளிவிடும் மெல்லிய மின்சாரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அப்புறம், இது குட்டி போடும் மீன். கருவின் மஞ்சள்கரு தீர்ந்ததும் தாய் கருப்பைக்குள்ளேயே பால் போன்ற திரவத்தைச் சுரந்து ஊட்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று திருக்கை சமைத்துக் கொடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை!

வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க இதன் உடலில் யூரியா நிறைய உண்டு. செத்தபின் அது அமோனியாவாக மாறும். கடற்கரையிலிருந்து சேலம் வரை ஐஸ் சரியாக இல்லையென்றால் நெடி மூக்கைத் துளைக்கும். அப்படி இருந்தால் வேண்டாம், ஜிலேபிக் கெண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.