‘ஒண்ணுமில்ல சார், ஆடுதேன்’

என் தங்கை மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். போன வருடம் அவள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ‘இருபது வருஷமா பாளையங்கோட்டையில பந்தாடுற பையன்களோட முட்டியையும் கணுக்காலையும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பிசியோ நீ. உன்னை அங்க கூட்டிட்டுப் போகலைன்னா பாவம் வந்து சேரும்’ என்று சொல்லி, அந்த ஊரில் இருக்கும் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தாள். துணைக்கு அவள் மகன் வந்தான். பத்து வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேச ஆரம்பித்தால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான்.

விக்டோரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருபக்கமாகச் சரிந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடம். முதலில் பிரஸ்டன் என்ற ஊரில் இருந்த அருங்காட்சியகம், 2012இல் இங்கே இடம் மாறியிருக்கிறது. நாமாகவும் சுற்றிப் பார்க்கலாம், வழிகாட்டியோடும் போகலாம். நாங்கள் வழிகாட்டியோடு கிளம்பிய குழுவில் ஒட்டிக்கொண்டோம். நெல்லையப்பர் கோயிலில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கதை வைத்திருக்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவரும் அந்த ஜாதிதான். எழுபது வயதிருக்கும். நான் இந்தியா என்றதும், “1948 ஒலிம்பிக்கில் லண்டனுக்கு வந்து வெறுங்காலோடு ஆடினீர்களே” என்றார். அந்த ஆட்டத்தில் பிரான்சிடம் 2-1 என்று தோற்றோம். எங்கள் கடற்கரையில் பையன்கள் இன்றைக்கும் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள் என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

அவர் இல்லாமல் போயிருந்தால் வரிசையாகச் சட்டைகளையும் கோப்பைகளையும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். 1986இல் மரடோனா கையால் கோல் போட்டாரே, அன்றைக்குப் போட்டிருந்த சட்டை பல வருடம் இங்கேதான் இருந்ததாம். ஆட்டம் முடிந்து அவரோடு சட்டை மாற்றிக்கொண்ட இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் 2022இல் அதை ஏலத்துக்கு விட்டார். 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. ‘வியர்வைக்கு அவ்வளவா!’ என்றான் மருமகன்.

நான் ரொம்ப நேரம் நின்றது ஒரு பந்துக்கு முன்னால். ஆரஞ்சு நிறம், தோல் பந்து. 1966 ஜூலை 30 அன்று வெம்ப்ளியில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கிய ஆட்டத்தின் பந்து அது. அந்த ஆட்டத்தின் முதல் கோலைப் போட்ட ஜெர்மானியர் ஹெல்முட் ஹாலர் பந்தைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். முப்பது வருடம் கழித்து, 1996இல்தான் திரும்பி வந்தது. இந்தக் கதைக்குக் குழுவே சிரித்தது. எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஆடிய இங்கிலாந்துப் பதினொருவரில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், ஜாக் சார்ல்டன், பாபி சார்ல்டன் ஆகிய ஐந்து பேருக்குக் கடைசிக் காலத்தில் மறதிநோய் வந்தது. கோப்பை வாங்கிய நாளையே மறந்துபோகிற நோய்.

அடுத்த அறையில் குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஒரு பழைய மாதிரிப் பந்தைக் கொடுத்தார்கள். உள்ளே பிளாடர், வெளியே தடித்த தோல், வாயில் செருப்புக் கயிறு மாதிரி நாடா. பாட்டன் காலத்துப் பந்துக்கும் இன்றைய பந்துக்கும் உலர்ந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான், 410 முதல் 450 கிராம். ஆனால் தோல் மழையில் ஊறினால் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். அதைத்தான் நெற்றியால் முட்டினார்கள். நாடாப் பக்கம் பட்டால் தோலைக் கீறிவிடும் என்று சொல்லி வழிகாட்டி தன் நெற்றியைத் தடவிக் காட்டினார்.

அப்புறம் அவராகவே ஜெஃப் ஆஸ்லின் பெயரை எடுத்தார். ‘ஹெட்’ அடிப்பதில், அதாவது பந்தைத் தலையால் முட்டுவதில், பேர் வாங்கிய வெஸ்ட் பிராம்விச் அணி ஆட்டக்காரர். 2002இல், 59 வயதில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி கொடுத்த தீர்ப்பு, ‘தொழில்வழி நோய்’. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் போவது போல, பந்தாட்டக்காரருக்கு மூளை. ‘அந்தக் காலத்துப் பந்து கனம், இப்போதான் லேசாகிவிட்டதே’ என்று குழுவில் ஒருவர் சொன்னார். நம்மூர்ப் பயிற்சியாளர்களும் என்னிடம் இதையேதான் சொல்வார்கள். இன்றைய பந்து தண்ணீர் குடிக்காது, சரி. ஆனால் பழையதைவிட வேகமாக வரும். பந்து மாறியதால் ஆபத்து போய்விட்டது என்று சொல்ல இதுவரை ஆதாரம் இல்லை.

2019இல் கிளாஸ்கோவில் டாக்டர் வில்லி ஸ்டீவர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களை, அதே வயதுள்ள 23,028 சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டார்கள். வீரர்கள் மாரடைப்பில் சாவது குறைவு. மூளை நரம்புகள் சிதையும் நோய்களில் சாவது மூன்றரை மடங்கு அதிகம். பிறகு அதே குழு ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, தலையால் அதிகம் அடிக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கு அபாயம் கூடுதலாக இருந்தது. கோல்கீப்பர்களுக்குச் சொல்லும்படி கூடவில்லை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பந்தாட விடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். இதயத்துக்கு நல்லது என்று அந்த ஆய்வேதான் சொல்கிறது. இது வருடக்கணக்காக, சம்பளத்துக்கு ஆடியவர்களின் கணக்கு.

மருமகன் என் சட்டையை இழுத்தான். “மாமா, எங்களுக்கு டிரெயினிங்ல ஹெட் கிடையாது. கோச் விட மாட்டார்.” உண்மைதான். 2020இலிருந்து இங்கிலாந்தில் பதினொரு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட் வேண்டாம் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. அமெரிக்காவில் பத்து வயது வரை 2015இலேயே நிறுத்திவிட்டார்கள். நம் பக்கம் கோடைப் பயிற்சி முகாமில் ஏழு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ‘கண்ணை மூடாத, முட்டு’ என்று பந்தைத் தூக்கிப் போடுவதை நானே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சுற்று முடியும் இடத்தில் பெர்ட் டிராட்மேன் கதை வந்தது. மான்செஸ்டர் சிட்டியின் ஜெர்மானிய கோல்கீப்பர். போர்க்கைதியாக இங்கிலாந்துக்கு வந்து, விடுதலைக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் இன்னும் 17 நிமிடம் இருக்கும்போது, எதிரணி ஆளின் காலடியில் பாய்ந்தார், கழுத்தில் அடி. தள்ளாடிக்கொண்டே மிச்ச நேரமும் கோலைக் காத்தார். 3-1 என்று ஜெயித்தார்கள். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. பக்கத்து எலும்பு ஒன்று ஆப்பு வைத்ததுபோல் வந்து சிக்கியதால்தான் உயிரோடு இருந்தார். வழிகாட்டி சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

டிராட்மேனுக்கு வேறு வழி இல்லை. இங்கிலாந்து லீகில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்ற விதியே 1965இல்தான் வந்தது. அணிக்கு ஏழு பேராக ஆடும் எங்கள் பக்கத்துச் செவன்ஸ் பந்தயங்களிலோ ஆள் மாற்றக் கணக்கே கிடையாது. கோட்டுக்கு வெளியே ஐந்து பேர் துள்ளிக்கொண்டு நிற்பார்கள். அப்படியும் நான் ஒரு பையனை ஆட விட்டேன்.

கூடங்குளத்துக்கும் உவரிக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். சாயங்காலம் ஊரே கிரவுண்டில் இருக்கும். கோயில் திருவிழாவை ஒட்டி மின்விளக்குப் போட்டுப் பந்தயம். கார்னர் கிக்குக்கு எம்பிய இரண்டு பேரின் தலையும் மோதின. தேங்காய் உடைக்கிற சத்தம். ஒருவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது, எல்லாரும் அவனிடம் ஓடினோம். இன்னொருவன், பதினேழு வயது, தானாகவே எழுந்து நின்றான். யாரோ சோடாவை உடைத்துத் தலையில் ஊற்றினார்கள். கண்ணுக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினேன், சரியாகச் சொன்னான். “ஒண்ணுமில்ல சார், ஆடுதேன்” என்றான். நானும் சரி என்றேன். ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை கோட்டுப் பக்கம் வந்து, “ஸ்கோர் என்ன சார்?” என்று கேட்டான். ஆர்வத்தில் கேட்கிறான் என்று நினைத்தேன். இருபது வருட அனுபவம் அன்றைக்கு எங்கே போனது என்று இன்றும் புரியவில்லை.

ராத்திரி இரண்டு தடவை வாந்தி. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்ல’ என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாலாம் நாள் மறுபடி பயிற்சிக்குப் போய்விட்டான். ஆறு வாரம் தலைவலி. வெளிச்சம் ஆகவில்லை. பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்தால் பத்து வரி தாண்டவில்லை.

இதற்கு கன்கஷன் என்று பெயர். தமிழில் மூளை அதிர்வு. தூக்குவாளியில் தயிர் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். வாளி நசுங்கவில்லை, மூடி திறக்கவில்லை. உள்ளே தயிர் உடைந்திருக்கும். ஸ்கேன் வாளியைப் பார்க்கும். உள்ளே ரத்தம் கசிந்தால் காட்டும். அது அவசியமான பரிசோதனைதான். ஆனால் தயிர் கலங்கியது அதில் தெரியாது. மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்பதும் தப்பு. மூளை அதிர்வு வந்தவர்களில் மயங்கி விழுபவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். தலையில் நேரடியாக அடிபடவே வேண்டாம், உடம்பு பலமாகக் குலுங்கினாலே போதும்.

பெரிய ஆட்டங்களிலேயே இது தப்பிப்போகிறது. 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் அடி வாங்கிய பிறகும் கால் மணி நேரம் போல ஓடிக்கொண்டிருந்தார். நடுவரிடம் போய், “இது இறுதி ஆட்டமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் வெளியே எடுத்தார்கள். அவருக்குப் பதில் இறங்கிய ஷூர்லே கொடுத்த பந்தில்தான் கோட்சே கோல் போட்டு, ஜெர்மனி கோப்பையைத் தூக்கியது. ‘இவனை எடுத்தா டீம் காலி’ என்று என்னிடம் சண்டைக்கு வருகிற பயிற்சியாளர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

கிராமர் கேட்டதும் எங்கள் பையன் கேட்டதும் ஒரே மாதிரிக் கேள்வி. விரலை எண்ணச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆஸ்திரேலியாவில் டேவிட் மேடக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட கேள்விகளிலிருந்து உருவான ஐந்து கேள்விகள்தான் இன்றும் உலகம் முழுக்கக் கோட்டோரத்தில் கேட்கப்படுகின்றன. எங்கள் பாஷையில் இப்படிக் கேட்கிறேன்: ‘இது எந்த கிரவுண்டுலே? இப்ப முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா கோல் போட்டது யாரு? போன வாரம் யார் கூட ஆடினிய? ஜெயிச்சியளா?’ ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டான், ஆனால் முழி சரியில்லை, கால் தள்ளாடுகிறது, தலை கனக்கிறது என்கிறான் என்றாலும் முடிந்ததுதான். சந்தேகம் இருந்தாலே உட்கார வையுங்கள்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் ஆளைத் தூக்காதீர்கள். நாலு பேர் நாலு பக்கம் பிடித்துக் கோட்டுக்கு வெளியே போடுகிற நம் வழக்கம் இருக்கிறதே, டிராட்மேன் கழுத்தில் சிக்கி நின்ற அந்த ஆப்பை உருவுகிற வேலை அது. ஆம்புலன்ஸ் வரும்வரை அதே இடத்தில், தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நிற்கட்டும்.

‘தலையில அடிபட்டவனைத் தூங்க விடக் கூடாது’ என்று ஆச்சிமார் விடிய விடிய உட்கார வைப்பார்கள். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தூங்கட்டும், தூக்கம் நல்லது. தனியாக மட்டும் விடாதீர்கள். முதல் இரண்டு நாள் லேசாக நடமாடலாம். செல்போனை முடிந்தவரை பிடுங்கி வையுங்கள். பைக் ஓட்ட வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

எப்போது திரும்ப ஆடலாம்? 2023இல் பிரிட்டன் அமெச்சூர் ஆட்டங்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், மோதலுள்ள போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள். அதுவும் படிப்படியாக: நடை, ஓட்டம், தனியாகப் பந்து, அப்புறம்தான் கூட்டத்தில். மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி பட்டால், அபூர்வமாக என்றாலும், இளவயதினருக்கு மூளை வீங்கி உயிரே போகலாம். இதைச் சொன்னால் ‘அடுத்த ஞாயிறு பைனல் சார்’ என்பார்கள். எனக்குத் தெரிந்து எந்த ஊரிலும் பைனல் ஒன்றோடு நின்றதில்லை. அடுத்த வருடமும் வரும்.

ஊருக்கு வந்ததும் அந்த ஐந்து கேள்விகளையும் அட்டையில் எழுதி, எனக்குப் பழக்கமான பயிற்சியாளர்களிடம் கொடுத்தேன். சிலர் வாங்கிப் பையில் போட்டதோடு சரி. அந்தக் கடற்கரை ஊர்ப் பயிற்சியாளர், பகலில் வலை பின்னுகிறவர், போன மாதம் ஒரு ராத்திரி போன் போட்டார். பின்னால் மைக்செட் சத்தம்.

“அண்ணாச்சி, ஒருத்தனுக்குத் தலையில முட்டிட்டு. நாலு கேள்விக்கும் டக்கு டக்குன்னு சொல்லிட்டான். அஞ்சாவதுக்கு, போன வாரம் ஜெயிச்சோம்ங்கான்.”

“ஜெயிச்சியளா?”

“எங்க ஜெயிச்சோம், மூணு கோலுக்குத் தோத்தோம்லா. உட்கார வச்சாச்சு. இப்ப என்னைய ஏசிக்கிட்டு இருக்கான்.”