கையில் ஒரு குழந்தை, வயிற்றில் ஹை ரிஸ்க் கர்ப்பம்: தமிழ்நாட்டில் என்னென்ன கிடைக்கும், எப்படிக் கேட்பது?

பிபி, சுகர், ரத்த சோகை, முந்தைய சிசேரியன் என ஏதோ ஒரு காரணத்தால் கார்டில் "ஹை ரிஸ்க்" என்று எழுதப்பட்ட பெண்ணிடம், "ரெண்டு நாள் அட்மிட் ஆகிடும்மா" என்று டாக்டர் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் "பெரியவனை யாரு பார்த்துக்கிறது?" என்பதுதான். இதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம். ரெண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வார்டில் படுத்திருக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. ஆனால் இந்த ஒரு கேள்வியால்தான் ஸ்கேன் தள்ளிப்போகிறது, மாத்திரை தீர்ந்தும் வாங்காமல் கிடக்கிறது, சேர வேண்டிய நாளைக் கடந்து கடைசி நேரத்தில் 108-ல் ஏற வேண்டியிருக்கிறது.

அரசு உதவிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஓரிடத்தில் இல்லை. பணம் ஒரு திட்டத்தில் வருகிறது, பரிசோதனை இன்னொன்றில், வண்டி மற்றொன்றில். மூத்த பிள்ளையின் சாப்பாடு வேறொரு துறையின் பொறுப்பு. வேலைக்குப் போகும் பெண்ணின் விடுப்பு தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. இவற்றை ஏழாவது மாதத்துக்குள் நீங்களேதான் ஒன்று சேர்க்க வேண்டும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் பிக்மி எண்

மாதவிடாய் தள்ளிப்போனது உறுதியானதும் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் (நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்) பதிவு செய்யுங்கள். 12 வாரம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்வதற்கான அரசின் பிக்மி இணையதளத்தில் நீங்களாகவும் பதியலாம். அப்போது கிடைக்கும் 12 இலக்க எண்தான் இனி எல்லாவற்றுக்கும் சாவி. தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதையே கேட்பார்கள்.

பதிவின்போது முதல் பிரசவத்தில் நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சிசேரியனா, பிபி ஏறியதா, வலிப்பு வந்ததா, அதிக ரத்தம் போனதா, ரத்தம் ஏற்றினார்களா, குறைமாதமா, இடையில் கரு கலைந்ததா, இப்போது மூத்த பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதெல்லாம் வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் சொல்லவே வேண்டாம், காட்டினால் போதும். ஹை ரிஸ்க் என்று எழுதிவிட்டால் பெயர் கெட்டுவிடுமோ என்று மாமியார் வீட்டில் சிலர் தயங்குவதுண்டு. அந்தக் குறிப்பு இருந்தால்தான் செவிலியர் உங்களைத் தனிப் பட்டியலில் வைத்துத் தொடர்ந்து கவனிப்பார். அதை மறைப்பதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

பரிசோதனை நாட்கள்

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை குழந்தைகளின் தடுப்பூசிக்கு. இது தவிர ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, பிரதம மந்திரியின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ் சிறப்பு முகாம் நடக்கிறது. 2016 முதல் இருக்கும் இந்தத் திட்டத்தில், நான்காம் மாதத்துக்கு மேல் ஆன எல்லாக் கர்ப்பிணிகளையும் அன்று டாக்டரே நேரில் பார்க்க வேண்டும். 9-ம் தேதி விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாளில் நடக்கும். பார்த்து முடித்ததும் கார்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்: சாதாரணக் கர்ப்பத்துக்குப் பச்சை, ஹை ரிஸ்க்குக்குச் சிவப்பு, கர்ப்பத்தால் வந்த ரத்தக் கொதிப்புக்கு நீலம், சுகர், தைராய்டு போன்ற கூட்டு நோய்களுக்கு மஞ்சள். 2022-ல் இந்தத் திட்டத்தை விரிவாக்கியபோது, ஹை ரிஸ்க் தாய்மார்களைப் பெயர் வாரியாகப் பின்தொடரவும் கூடுதலாக மூன்று முறை டாக்டரிடம் காட்டவும் வழி செய்தார்கள். ஆகவே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியபின் "அடுத்த மாசம் வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அதற்கு முன்னால் எந்த நாளில் வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சுகர் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவது இந்தப் பரிசோதனையில்தான். அன்று மட்டுமாவது துணைக்கு யாரையாவது அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் மூத்த பிள்ளைக்குச் சாப்பாடும் விளையாட்டுப் பொருளும் எடுத்துக்கொண்டு காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பணம்: 18,000 ரூபாயின் கணக்கு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் தொடங்கியது. 2018 முதல் தொகை 18,000 ரூபாய். இதில் 14,000 வங்கிக் கணக்கில் வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முன்பு ஐந்து தவணையாக இருந்ததை இப்போது மூன்றாக்கிவிட்டார்கள்: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம், ஆறாம் மாதங்களில். மத்திய அரசின் மாத்ரு வந்தனா மகப்பேறு உதவித் தொகையும் இந்தப் பதினெட்டாயிரத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. "அதைத் தனியா வாங்கித் தரேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்பவை முக்கியமான நிபந்தனைகள். வங்கிக் கணக்கு தாயின் பெயரிலேயே, ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். பணம் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயரின் இனிஷியல். முதல் குழந்தைக்கே இதைச் சரிசெய்திருந்தால் நல்லது. இல்லையென்றால் மூன்றாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

என் கருத்தில், அந்த நான்காம் மாத 6,000 ரூபாயை வீட்டுச் செலவில் கரைய விடாமல் தனியாக எடுத்து வைப்பது நல்லது. திடீரென்று அட்மிட் ஆகச் சொன்னால் ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ வந்து போகும் செலவுக்கும், மூத்த பிள்ளையின் பாலுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

பெட்டகத்தில் ஊட்டச்சத்து மாவு, பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக் போன்றவை இருக்கும். சுகர் இருக்கும் தாய்மார்கள் பேரீச்சையையும் மாவையும் எந்த அளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அரசு கொடுத்தது என்பதற்காக அப்படியே சாப்பிட்டுவிடக் கூடாது.

மூன்றாவது குழந்தையென்றால்?

நிதியுதவி கிடைக்காது. ஆனால் சிகிச்சைக்கு அந்தத் தடை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் மூன்றாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யவே கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2011 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம் எல்லாமே இலவசம். எத்தனையாவது குழந்தை, என்ன வருமானம் என்ற கேள்வியே கிடையாது. கர்ப்ப காலத்தில் வரும் சிக்கல்களுக்கும், பிறந்த குழந்தைக்கு ஒரு வயது வரை வரும் நோய்களுக்கும் இதே சலுகையைப் பின்னர் நீட்டித்தார்கள். குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தாலும் அரசு மருத்துவமனையில் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், சிசேரியன் என்றால் ஏழு நாள் தாய்க்கு இலவச உணவும் உண்டு. இது தாய்க்கு மட்டும்தான். கூட இருப்பவருக்கோ மூத்த பிள்ளைக்கோ இதில் உணவு கிடையாது. மருத்துவமனையில் சேர வேண்டிய தாயின் சின்னக் குழந்தையை அந்த நாட்களில் பார்த்துக்கொள்ள எந்தத் திட்டத்திலும் ஒரு ஏற்பாடும் இல்லை, ஒரு ரூபாயும் இல்லை. இவ்வளவு தூரம் யோசித்த அரசு இதையும் யோசித்திருக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனை வளாகங்களில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தால், "வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் பெண்கள் குறைவார்கள்.

மூத்த பிள்ளைக்கு அங்கன்வாடி

அந்த ஏற்பாடு வரும்வரை கையில் இருப்பது அங்கன்வாடிதான். இரண்டு வயது நிறைந்த பிள்ளையைச் சேர்க்கலாம். சமைத்த மதிய உணவும் வாரம் மூன்று முட்டையும் கிடைக்கும். பகலில் உங்களுக்கும் படுத்து ஓய்வெடுக்க நேரம் கிடைக்கும். ஆனால் எட்டாவது மாதத்தில் கொண்டுபோய் விட்டால் பிள்ளை அழுது தீர்த்துவிடும், நீங்களும் நிம்மதியாக இருக்க மாட்டீர்கள். நான்கு, ஐந்து மாதத்திலேயே பழக்கிவிடுங்கள். அதே மையத்தில் கர்ப்பிணியாக உங்கள் பெயரையும் எழுதினால் உங்களுக்கும் சத்துமாவு உண்டு. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றாலும் அதன் பங்குச் சத்துமாவு தனி. ஆறு மாதம் முதலே கிடைக்கும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் இரண்டு பேரிடம் சொல்லிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால், போகும் ஊரின் செவிலியருக்குத் தகவல் போகும். பிக்மி எண் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். அங்கன்வாடிப் பணியாளரிடம் சொன்னால், பிள்ளையின் பதிவை அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக் கேட்கலாம். தாய்வீடு போகும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: அங்கிருந்து சீமாங்க் மையம் எவ்வளவு தூரம்? அவசரச் சிசேரியனும் ரத்த வசதியும் எந்நேரமும் இருக்கும் அரசு மருத்துவமனைப் பிரிவுகளைத்தான் சீமாங்க் என்கிறார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களும், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தவர்களும், இரட்டைக் குழந்தை சுமப்பவர்களும் அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் சரி. அந்த ஊரில் அந்த வசதி இல்லையென்றால், அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது இது: கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால், டாக்டர் சான்றிதழ் கொடுத்து மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்புக் கேட்கலாம். ஆறாம் மாதத்தில் படுக்கை ஓய்வு எழுதிக் கொடுத்தால் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் மாதத்தையும் ஈ.எஸ்.ஐ-யே கொடுக்கும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கு மட்டும் என்றில்லை, இப்போது கையில் இருக்கும் பிள்ளையையும் அங்கே விடலாம். ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தினக்கூலி, தற்காலிகப் பணி என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. மஸ்டர் ரோலில் (தினக்கூலி வருகைப் பதிவேட்டில்) வேலை செய்த பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்த இந்த உரிமைகள், 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு.

வண்டியும், காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும்

விடாத தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், மேல்வயிற்றில் வலி, ரத்தப்போக்கு, தண்ணீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும் உடனே 108. பிள்ளை தூங்கி எழட்டும், வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரட்டும் என்று பார்க்க வேண்டாம். இதற்காகவே பக்கத்து வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்து, மூத்த பிள்ளைக்கும் அவரைப் பழக்கி வையுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப 102 வண்டி இலவசம். சந்தேகம் கேட்கவும், சேவை மறுக்கப்பட்டால் புகார் சொல்லவும் 104.

பிரசவத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. கர்ப்பத்தில் ஏறிய பிபி, குழந்தை பிறந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே தாய் தன் மாத்திரையை மறப்பது அந்தச் சமயத்தில்தான். ஹை ரிஸ்க் தாயைப் பிரசவத்துக்குப் பின் 45-ம் நாள் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது பாதுகாப்பான தாய்மைத் திட்டத்திலேயே இருக்கிறது. செவிலியர் வீட்டுக்கு வரும்போது குழந்தையின் எடையோடு உங்கள் பிபியையும் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் இருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் ஒருமுறை குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்குப் போகும் நாளில் சின்னதின் ஒன்றரை மாதத் தடுப்பூசியையும் சேர்த்துப் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டால், இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.