சர்வருக்கு எதற்கு ஞாபகம்? சன்ஓஎஸ் காட்டிய வழி

"சோலாரிஸ் தெரியும், அதற்கு முன்பிருந்த சன்ஓஎஸ் எப்படிப்பட்டது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1982-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யூனிக்ஸை எடுத்துத் தன் வொர்க்ஸ்டேஷன்களுக்காக வளர்த்த இயங்குதளம் அது. பிஎஸ்டியின் முக்கியப் புள்ளியான பில் ஜாயே சன்னுக்கு வந்துவிட்டார். 90-களில் ஏடி&டி நிறுவனத்தின் யூனிக்ஸ் வகையான சிஸ்டம் ஃபைவ் பக்கம் மாறி, சோலாரிஸ் என்ற பெயரில் விற்றார்கள். பிஎஸ்டிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி இப்படித்தான் வெளியே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: 1985-இல் சன்ஓஎஸ் 2.0-வுடன் வந்த என்எஃப்எஸ், அதாவது வேறொரு இயந்திரத்தில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை.

அன்று ஹார்டு டிஸ்க் விலை அதிகம். சன் 3/50 போன்ற இயந்திரங்கள் டிஸ்க்கே இல்லாமல், எல்லா ஃபைலையும் நெட்வொர்க் வழியாகச் சர்வரிலிருந்து வாங்கி ஓடின. நடுவில் சர்வர் ரீபூட் ஆனால்? யார் எந்த ஃபைலைத் திறந்தார், எதுவரை படித்தார் என்பதெல்லாம் சர்வரின் நினைவில் இருந்தால் அத்தனையும் போச்சு. அதனால் அந்த நினைவே சர்வருக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். திற, மூடு என்ற கட்டளைகளே என்எஃப்எஸ் நெறிமுறையில் (புரோட்டோகாலில்) கிடையாது! "இந்த ஃபைலில் 8192-ஆம் பைட்டிலிருந்து இத்தனை பைட் கொடு" என்று ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையாக இருக்கும். பதில் வராவிட்டால் மறுபடி அதையே கேட்க வேண்டியதுதான், பத்து முறை படித்தாலும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. சர்வர் எழுந்து வந்ததும் புரோகிராம் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

ஃபைலை அடையாளம் காட்ட ஐநோடு எண்ணோடு (யூனிக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளுக்குள் வைத்திருக்கும் எண்) தலைமுறை எண் ஒன்றும் போகும். பழைய ஃபைல் அழிந்து, அதே ஐநோடு வேறு ஃபைலுக்குப் போயிருந்தால் தலைமுறை எண் பொருந்தாது, சர்வர் மறுத்துவிடும். இந்த ஒரு எண் இல்லையென்றால் அடுத்தவர் ஃபைல் நம் கைக்கு வந்திருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் சர்வர் 'ஆயிற்று' என்று சொல்லலாம், அதனால் எழுதுவது மெதுவாக நடந்தது. இன்னொன்று, யூனிக்ஸில் திறந்திருக்கும் ஃபைலை அழித்தாலும் மூடும்வரை அதைப் பயன்படுத்தலாம். யார் திறந்திருக்கிறார் என்றே தெரியாத சர்வர் இதை எப்படிக் காப்பாற்றும்? கிளையன்ட், அதாவது சர்வரிடம் ஃபைல் கேட்கும் இயந்திரம், அதை அழிக்காமல் ரகசியமாகப் பெயர் மாற்றி வைக்கும், மூடியதும் அழிக்கும். இன்றும் லினக்ஸில் என்எஃப்எஸ் ஃபோல்டர்களில் புள்ளியில் தொடங்கும் விநோதப் பெயருள்ள ஃபைல்கள் திடீரென்று முளைப்பது இதனால்தான்.