பெங்களூரில் வெயிலே இல்லை என்று யார் சொன்னது?

"எங்க ஊர்ல வெயில் கொளுத்தும் டாக்டர், பாப்பாவுக்கு ஆகலைன்னுதான் வீட்டையே பெங்களூருக்கு மாத்திட்டோம்." போன வாரம் ஒரு அப்பா என்னிடம் சொன்னது இது. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், பாப்பாவுக்கு நாலு வயது. கன்னம், மூக்கு, உதடு, புறங்கை எங்கும் கடுகை இறைத்த மாதிரி புள்ளிகள். சட்டைக்குள் இருந்த தோலில் ஒன்றுகூட இல்லை. கழுத்துப் பட்டி ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல அந்த எல்லை தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன் என்று அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் ஆறாத ஒரு சின்னப் புண். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஸீரோடெர்மா பிக்மென்டோசம். வெயில் தோலில் செய்யும் பழுதை உடம்பால் சரிசெய்ய முடியாத பரம்பரை வியாதி. அபூர்வமானதுதான், ஆனால் இந்த ஊரில் நான் பார்க்கும் நாலாவது குழந்தை இவள். நாலு வீட்டிலும் ஒரே வசனம்: "இங்கேதான் வெயிலே இல்லையே டாக்டர்!"

நம் மொழியில் சூட்டுக்கும் வெயில்தான், வெளிச்சத்துக்கும் வெயில்தான். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. தோலைக் கெடுப்பது சூடு இல்லை, யூவி என்கிற புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, உடம்பிலும் சுடாது. வேலூரும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, அதே சூரியன் அதே உயரத்தில்தான் வருகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், வேலூர் சுமார் 200. மேலே போகப் போக இந்தக் கதிர் குறையாது, கூடும், 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் போல. மேகம் மூடியிருக்கிறதா? மெல்லிய மேகத்தைத் தாண்டிப் பெரும்பகுதி கீழே வந்துவிடும். காற்று குளுகுளுவென்று இருக்கிறது என்று மொட்டை மாடியில் விளையாட விடுகிறீர்களே, அதுதான் ஆபத்து. ஊரிலாவது சூடு தாங்காமல் குழந்தை உள்ளே ஓடி வந்திருக்கும்!

வெயில் படும்போது நம் எல்லோருடைய தோல் செல்லிலும் டிஎன்ஏவின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய செல்லுக்குள் நொதிகளின் ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் இந்தப் பாப்பாவுக்குப் பழுதானது எக்ஸ்பிடி என்ற நொதி. 760 அமினோ அமிலம் கொண்ட புரதம், உள்ளே நாலு இரும்பும் நாலு கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து. செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்துக்கொண்டு, டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரித்தபடி ஒரு இழையை ஊசியில் நூல் கோர்ப்பது போலத் தன் நடுவில் இருக்கும் குறுகலான துளை வழியாக இழுத்துச் செல்லும். ஒட்டிப்போன இடம் வந்தால் துளைக்குள் நுழையாது, நொதி நின்றுவிடும். அது நின்ற பிறகுதான் எக்ஸ்பிஎஃப், எக்ஸ்பிஜி என்ற இரண்டு கத்தரிகள் இருபுறமும் வெட்டி, சுமார் 30 எழுத்துத் துண்டைத் தூக்கி எறியும். மறு இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்புவது அதற்கப்புறம். இந்த நொதியின் 683ஆம் இடத்தில் ஒரு அமிலம் மாறினால் இந்தக் குழந்தைக்கு வந்த வியாதி. 722ஆம் இடத்தில் மாறினால் முடி பொடிப்பொடியாக உடையும் வேறொரு வியாதி, அதில் தோல் புற்றுநோய் கூடுவதில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பிரமிப்புதான்.

வெட்டி எடுக்காத பழுது அப்படியே தங்கினால், பாதுகாப்பில்லாத குழந்தைகளில் பலருக்குப் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரும். மூக்கு நுனிப் புண்ணை நான் உடனே பயாப்ஸிக்கு அனுப்பியது அதனால்தான்.

இந்தக் குழந்தைகளில் பலருக்கு வெயில் பட்ட அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் முகம் சிவந்து வீங்கி உச்சத்துக்குப் போகும். அதனால் அம்மாக்கள் முந்தின நாள் கொடுத்த கத்திரிக்காயைக் குற்றம் சொல்கிறார்கள். இந்தப் பாப்பாவுக்கும் ஒரு வருடம் கத்திரிக்காய், முட்டை, மீன் எல்லாம் நிறுத்தி, எங்கேயோ வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசியிருக்கிறார்கள்.

அந்த அப்பா அக்கா மகளைக் கட்டியவர். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்றார். இருக்காது. கணவன் மனைவி இருவரிடமும் இந்த நொதிக்கான மரபணுவில் ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு கெட்டதும் சேர்கிற பிள்ளைக்குத்தான் வரும். சொந்தத்தில் கட்டினால் ஒரே கெட்ட பிரதி இரு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். நடந்த கல்யாணத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பு மரபணுப் பரிசோதனைக்கு வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள்.

இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளி விழுந்தால், வெளிச்சத்தில் கண் கூசினால், காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முழுக்கை, தொப்பி, கண்ணாடி, இரண்டு மணிக்கொரு முறை சன்ஸ்கிரீன். வீட்டிலும் ஸ்கூல் வேனிலும் ஜன்னல் கண்ணாடிக்கு யூவி ஃபிலிம் ஒட்டுங்கள், வெறும் கண்ணாடி போதாது. வைட்டமின் டி மருந்தாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோல், கண், நாக்கு நுனி வரை பார்க்க வேண்டும். அப்பாக்களே, வீட்டுக்குள் சிகரெட் கூடவே கூடாது, அந்தப் புகை டிஎன்ஏவில் ஏற்படுத்தும் பழுதையும் இதே கூட்டம்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

என்னிடம் வரும் இந்தக் குழந்தைகளை இருட்டிய பிறகுதான் வரச் சொல்கிறேன். டோக்கன் வேண்டாம், வாசலில் பெயர் சொன்னால் போதும்.